எண்பது: ஓர் எண்ணின் பயணம்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். பொது மருத்துவத்தில் பிஜி முதலாண்டு படிக்கிறாள். திங்கள் காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழைந்தவள். அன்று அவளுடைய யூனிட்டுக்கு அட்மிஷன் டே. இரவெல்லாம் புது நோயாளிகள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். விடிந்ததும் சீஃப் ரவுண்ட்ஸ். அது முடிந்தபின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேடி ஓட்டம், ஸ்கேனுக்குத் தேதி வாங்க இன்னோர் ஓட்டம், கேஸ் ஷீட் எழுதும் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 33 மணி நேரம்.

தயிர்சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். நான்கு வாய் உண்டவள் ஐந்தாவது வாய்க்குக் கையைத் தட்டில் வைத்தபடியே தூங்கிவிட்டாள். கையைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன். துவைப்பதற்காக அவளது வெள்ளைக் கோட்டின் பைகளைத் துழாவினேன். பாதி பிரித்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று. ஊசி போடும்போது நோயாளியின் கையை இறுக்கிக் கட்ட ஒரு ரப்பர் கையுறை. பிறகு நாலாக மடித்த ஒரு தாள். இருபதுக்கும் மேற்பட்ட படுக்கை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாக்கியிருக்கும் வேலை, முடித்ததற்கு ஒரு கோடு. தாள் சரசரத்த சத்தத்தில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அத்தை, அந்தப் பேப்பரை மட்டும் போட்டுடாதீங்க."

தூக்கத்திலும் அந்தத் தாளைக் காவல் காக்கும் பிள்ளைக்கு, இதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொல்லும் இன்னொரு தாள் எங்காவது உண்டா என்று தேடத் தொடங்கினேன். உண்டு. அதில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது, நம் வார்டு வாசலில் ஏன் நின்றுபோனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தங்கியிருப்பவர்கள்

எண் பிறப்பதற்கு முன்பே அது கட்டுப்படுத்த வேண்டிய வாழ்க்கை பிறந்துவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889ஆம் ஆண்டு மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவத் துறைக்கு வில்லியம் ஆஸ்லர், அறுவைத் துறைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட். பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருந்து, நோயாளியின் படுக்கையருகே பல ஆண்டுகள் நின்று தொழிலைக் கற்க வேண்டும் என்ற முறை அங்கேதான் வேரூன்றியது. 'ரெசிடென்ட்' என்ற சொல்லுக்குத் தங்கியிருப்பவர் என்று பொருள். அந்தச் சொல் அன்று அப்பட்டமான உண்மையாக இருந்தது. அவர்களுக்கு வீடும் அதுவே, வேலையிடமும் அதுவே. திருமணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். ஹால்ஸ்டெட்டின் துறையில் பயிற்சி இத்தனை ஆண்டில் முடியும் என்ற கெடுவும் கிடையாது.

இந்த முறை மகத்தான அறுவை மருத்துவர்களை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை வடிவமைத்தவரின் வாழ்வையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1884இல் கொக்கெய்னை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தன் உடம்பிலேயே ஊசியேற்றிச் சோதித்த ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். அதிலிருந்து மீட்கும் சிகிச்சையில் மார்ஃபின் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வலியோடு தனியாகப் போராடிய ஒரு மனிதர் வகுத்த பயிற்சி முறையில், மருத்துவரின் களைப்புக்கும் துயரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படவே இல்லை. அந்தக் குறை முறையோடு சேர்ந்து உலகம் முழுவதும் பரவியது.

1984, மார்ச் 4, இரவு

நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவியைக் காய்ச்சலும் உடல் நடுக்கமும் படபடப்புமாக நியூயார்க் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வார்டில் அவளைப் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாத இன்டர்ன். மற்றவர் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். பொறுப்பிலிருந்த மூத்த மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார்கள்; அவர் நேரில் வரவில்லை. அந்தப் பெண் மனச்சோர்வுக்காக ஃபினெல்சின் என்ற மாத்திரை எடுத்துவந்தாள். நடுக்கத்தை அடக்க அவளுக்குப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. இந்த இரண்டு மருந்துகளும் உடலுக்குள் சந்தித்தால் உயிருக்கே ஆபத்து என்பது இன்று பாடநூலில் இருக்கிறது. அன்று வார்டில் பரவலாகத் தெரிந்திருக்கவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு அவள் படுக்கையில் புரண்டு திமிறினாள். அதே இரவில் இன்டர்னின் பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள். அவர் நேரில் போய்ப் பார்க்க முடியாமல், கை கால்களைக் கட்டவும் அமைதிப்படுத்தும் ஊசி போடவும் தொலைபேசியில் சொன்னார். விடியற்காலையில் காய்ச்சல் 107 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஆறரை மணியளவில் அவள் இறந்துபோனாள்.

தந்தை சிட்னி சயான் வழக்கறிஞராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். தூங்காத, மேற்பார்வை இல்லாத இளைஞர்களின் கையில் ஏன் ஒரு மருத்துவமனை இரவு முழுவதும் ஒப்படைக்கப்படுகிறது என்று அவர் விடாமல் கேட்டார். 1986இல் கிராண்ட் ஜூரி அந்த மருத்துவர்கள் மீது கொலைக் குற்றம் சுமத்த மறுத்தது. பயிற்சி மருத்துவர்களை அப்படி நெடுநேரம் வேலை வாங்கும் ஏற்பாட்டின் மீதுதான் அது கை நீட்டியது. யாருடைய பிழை எவ்வளவு என்ற வாதம் நீதிமன்றத்தில் 1995 வரை ஓடியது. ஏற்பாட்டைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் தனி வழி நடக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு கூட்டல் கணக்கு

1987இல் நியூயார்க் மாநிலம் ஒரு குழு அமைத்தது. தலைவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெர்ட்ரண்ட் பெல். நம் எண் பிறந்தது இங்கேதான்.

அந்த எண் எப்படி வந்தது என்று பெல் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம் உழைப்பது நியாயம், ஆக 50. மீதம் 118. நான்கு இரவுக்கு ஓர் இரவு விழித்திருக்கச் சொல்வது மனிதாபிமானம். ஆகவே 118ஐ நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 30. ஐம்பதும் முப்பதும் எண்பது. அவ்வளவுதான். இவ்வளவு நேரத்துக்கு மேல் மனித மூளை தாங்காது என்று ஆய்வகத்தில் அளந்து கண்ட எண் அல்ல இது. நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்தாமல் எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு நல்ல மனிதர் போட்ட வீட்டுக் கணக்கு. பாதுகாப்பின் எல்லைக்கோடு என்று அதை எடுத்துக்கொண்டவர்கள் பிற்பாடு வந்தவர்கள்.

1989இல் அது நியூயார்க் மாநில விதியானது: வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதே விதியில் இன்னொரு பாதியும் இருந்தது. இரவோ பகலோ, அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். பெல் வாழ்நாள் முழுவதும் அழுத்திச் சொன்னது இந்த இரண்டாம் பாதியைத்தான். ஆனால் எண்ணை நினைவில் வைப்பது எளிது. மேற்பார்வைக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது செலவு பிடிக்கும். உலகம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது.

விதி எழுதிய பின்னும் மீறல் ஓயவில்லை. 1998இல் மாநில அதிகாரிகள் திடீர்ச் சோதனைக்குப் போனபோது, குறிப்பாக அறுவைத் துறைகளில், எண்பது என்பது காகிதத்தில் மட்டும் இருப்பதைக் கண்டார்கள்.

நாடு முழுவதும்

2003 ஜூலையில் அமெரிக்காவின் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏசிஜிஎம்இ, நான்கு வாரச் சராசரியாக 80 மணி நேரம் என்று நாடு முழுமைக்கும் விதித்தது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதும் சேர்ந்தது.

எண்ணுக்கு அறிவியல் துணை வரத் தொடங்கியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடைய நிலைக்கு இறங்குகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பானது. நம் நாட்டில் 0.03 விழுக்காட்டைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அதைப் போல் மூன்று மடங்குக்கு மேலான தடுமாற்றத்தோடு ஒருவர் இன்சுலின் அளவு எழுதுகிறார், குழந்தைக்கு நரம்பு தேடுகிறார்.

2004இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வில், நீண்ட டூட்டி பார்த்த இன்டர்ன்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 விழுக்காடு கூடுதலாகக் கடும் பிழைகள் செய்தார்கள். 24 மணி நேரத்துக்கும் மேற்பட்ட டூட்டி முடிந்து வீடு திரும்பும் இன்டர்ன் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று மறு ஆண்டு வெளியான ஆய்வு சொன்னது. மனநிலையை அளந்த ஆய்வு ஒன்றும் வந்தது. இன்டர்ன்ஷிப் தொடங்குமுன் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் 3.9 விழுக்காடு, ஆண்டின் நடுவே அவ்வப்போது கேட்டபோது அது சராசரியாக 25.7 விழுக்காடு. சேரும்போது திடமாக இருந்த பிள்ளைகள்தான் இவர்கள். அவர்களை வாட்டியது அந்த ஓராண்டு.

இதே காலத்தில் ஐரோப்பா இன்னும் தாழ்ந்த எண்ணுக்குப் போனது. 2009 ஆகஸ்ட் முதல் பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரச் சராசரி 48 மணி நேரம் என்றாயிற்று.

எண் தோற்ற இடம்

எண்ணின் வரலாற்றில் நான் மிகவும் உற்றுப் பார்த்த பகுதி, அது தோற்ற பகுதி. 2011இல் முதலாண்டு மருத்துவர்களுக்குத் தொடர் டூட்டி 16 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. நேரம் குறைந்தது, நோயாளி குறையவில்லை. இரண்டு பேர் பார்த்த வேலையைச் செய்ய மூன்றாவது ஆள் வரவில்லை. அதே வேலையைக் குறைந்த நேரத்தில் மூச்சிரைக்க முடித்தார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நோயாளி மாறும் தடவைகள் கூடின; ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தகவல் சிந்தியது. 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வில், கண்டிப்பான நேர விதியும் தளர்வான விதியும் நோயாளிகளுக்கு வேறுபாடு தரவில்லை. 2017இல் 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டது.

2020இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவாக்கியது. ஆறு மருத்துவமனைகளின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி நேர டூட்டியை எடுத்துவிட்டுக் குறுகிய டூட்டி கொடுத்தார்கள். பிழைகள் கூடின. ஏன் என்று தோண்டியபோது, குறுகிய டூட்டி பார்த்தவர்களுக்குத் தலைக்கு விழுந்த நோயாளிகள் அதிகம் என்று தெரிந்தது. அந்தச் சுமையைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாடு மறைந்தது.

இதைச் சுட்டி, நீண்ட டூட்டியே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஆள் சேர்க்காமல் மணியை மட்டும் குறைத்தால், சுமை இடம் மாறுகிறது, இறங்குவதில்லை என்பதே இதன் பாடம். மணியைக் குறைப்பதோடு கைகளைக் கூட்ட வேண்டும். கைமாற்றிக் கொடுக்கும் முறையைச் செப்பனிட வேண்டும். நோயாளியை ஒப்படைக்கும்போது எதை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை வகுத்து ஒன்பது மருத்துவமனைகளில் பழக்கியபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. அந்த ஆய்வு 2014இல் வெளியானது.

2017இல் மணியைத் தளர்த்திய அதே அமைப்பு இன்னொன்றையும் விதிகளில் சேர்த்தது. பயிற்சி மருத்துவர் தன் உடலுக்கோ மனதுக்கோ பல்லுக்கோ சிகிச்சை பெற வேண்டுமானால், வேலை நேரத்திலேயே போய்வர வாய்ப்பு தர வேண்டும். 1889இல் தொடங்கிய பயிற்சி முறையில், மருத்துவருக்கும் நோய் வரும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட வரி அது.

நம் ஊருக்கு வந்த தாள்

இந்தியாவுக்கு எண் எப்போதோ வந்துவிட்டது. 1992 ஜூன் 5 தேதியிட்டு மத்திய சுகாதார அமைச்சகம் அனுப்பிய ரெசிடென்சி உத்தரவு, தொடர் டூட்டி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஜூனியர் ரெசிடென்ட்டுக்கு வாரம் 48 மணி நேரம். முறை வைத்து வார விடுமுறை. அமெரிக்கா நாடு தழுவிய விதி செய்வதற்குப் பதினோர் ஆண்டு முன்பே, அமெரிக்காவைவிடக் கனிவான எண்ணை நாம் எழுதி வைத்திருந்தோம்.

ஆனால் அந்த உத்தரவிலேயே ஒரு கதவு திறந்து விடப்பட்டிருந்தது: 'வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு.' அரசு மருத்துவமனையில் எந்த நாள் அவசரமில்லாத நாள்? அந்தக் கதவு வழியாக 48 வெளியேறியது. மீறினால் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் விசாரிப்பது என்பதற்கு உத்தரவில் வலுவான வழி இல்லை. பிஜி மாணவர் புகார் செய்ய வேண்டியது தன் துறைத் தலைவரைப் பற்றி. ஆய்வேட்டில் கையொப்பமிடுபவரும், தேர்வுக்கு அனுப்புபவரும் அதே துறைத் தலைவர்.

2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பட்டமேற்படிப்பு விதிகளில் எண்ணே காணாமல் போனது. 'நியாயமான வேலை நேரம்', 'நியாயமான ஓய்வு' என்ற சொற்கள் வந்தன. நியாயம் எத்தனை மணி நேரம் என்று அது சொல்லவில்லை.

இதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன 5,337 பிஜி மாணவர்களில் சுமார் 45 விழுக்காட்டினர் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31 விழுக்காடு. இந்த வரியைப் படித்த அன்று அண்ணன் மகளை அழைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் கேட்க வாய் வரவில்லை. குழு பரிந்துரைத்த எண் 74. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளுக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கம். பரிந்துரைதான், விதி அல்ல.

அறிக்கை வெளியான அதே ஆகஸ்ட் மாதம் 9ஆம் தேதி, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நெடிய டூட்டியின் இடையே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு பிஜி மாணவி கொல்லப்பட்டார். தலைசாய்க்க அவருக்கென்று ஒரு பாதுகாப்பான அறை இல்லை என்பதை நாடு அன்றுதான் உணர்ந்தது. 36 மணி நேர டூட்டி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது.

பேருந்து ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. ஓட்டுநர் கண்ணயர்ந்தால் பயணிகளுக்கு ஆபத்து என்பது அனைவருக்கும் விளங்குகிறது. இரவு மூன்று மணிக்கு மருந்து அளவு எழுதும் கைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

எண் நடக்க வேண்டிய கடைசித் தூரம்

நியூயார்க்கில் பிறந்து டெல்லி வரை இந்த எண் உலகைச் சுற்றிவிட்டது. டெல்லித் தாளிலிருந்து வார்டுச் சுவரில் ஒட்டிய டூட்டி சார்ட் வரைக்குமான தூரத்தைத்தான் அதனால் கடக்க முடியவில்லை. அந்தத் தூரத்தைக் கடக்க என்ன வேண்டும் என்பது இந்தப் பயணத்திலேயே இருக்கிறது.

முதலில், எண் விதியாக வேண்டும். 74 என்றால் 74, 'நியாயமான' என்ற சொல்லுக்குள் அது ஒளியக் கூடாது. இரண்டாவது, ஆள் வேண்டும். ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும், ஸ்ட்ரெச்சர் தள்ளவும், ஸ்கேன் தேதிக்கு நிற்கவும் எம்.டி. படிக்கும் மருத்துவர் தேவையில்லை; அதற்கான ஊழியர்களை நியமித்தாலே பல மணி நேரம் மிச்சமாகும். மூன்றாவது, இரவில் அசிஸ்டன்ட் பேராசிரியர் ஒருவர் வார்டில் இருக்க வேண்டும். பெல் மன்றாடியது இதைத்தான். நான்காவது, மீறலைப் பற்றிய புகார் துறைத் தலைவரைத் தாண்டி, பெயர் வெளிவராமல், கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும்.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். "நாங்கள் படிக்கும்போது 48 மணி நேரம் பார்த்தோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்தது உண்மை. அதற்கு நீங்கள் கொடுத்த விலையும் உண்மை. அதே விலையை அடுத்தவரிடமும் வாங்க வேண்டியதில்லை.

பிஜி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அவர்கள் போனில் சுருக்கமாகப் பேசினால் கோபிக்காதீர்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். குரல் மாறியிருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். சோர்வு தாங்காமல் தவிக்கும் பயிற்சி மருத்துவருக்கு: 14416 என்ற டெலி-மானஸ் எண் இலவசமானது, எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். நோயாளியிடம் நீங்கள் சொல்லும் அறிவுரை உங்களுக்கும் பொருந்தும்.

அன்று மாலை உறங்கியவள் மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தாள். முதலில் கேட்டது அந்தத் தாளை. எடுத்துக் கொடுத்தேன். அதில் எல்லா நோயாளிகளுடைய படுக்கை எண்ணும் இருந்தது. அவள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற எண் மட்டும் எங்கும் இல்லை. அதை எழுதித் தர வேண்டியவர்கள் நாம்.